குழந்தையோடு கடிதமும் போக வேண்டும்

கொடுமையோ கவனிப்பின்மையோ நடந்ததென்று ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து அழைத்து வரும்போது கூடவே ஒரு ஃபைல் வரும். அதில் அம்மாவின் பெயர், போலீஸ் வாக்குமூலம், கொடுமையைப் புகார் செய்யும் படிவம் 22, எந்தத் தேதியில் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்ற தாள் எல்லாம் இருக்கும். குழந்தைக்குக் காது கேட்கிறதா, கழுத்து நின்றுவிட்டதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று ஒரு வரி இருக்காது. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில், தற்காலிகப் பாதுகாப்புக்கு வரும் கைக்குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பல வருடங்களாக என்னை உறுத்துவது இல்லாத அந்த ஒரு வரிதான்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், பையனா பெண்ணா என்றும் சொல்ல மாட்டேன். சிறார் நீதிமன்றத்துக்கு வந்த குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது தென்னாப்பிரிக்கக் குழந்தைகள் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வந்தபோது அதற்கு ஒன்றே கால் வயது. பிடித்து உட்கார வைத்தால் உட்காரும், கையை எடுத்தால் சாய்ந்துவிடும். ம்மா, ப்பா, த்தா என்று மழலை எதுவும் இல்லை. பசித்தால்கூட அழாது. பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளைம்மா, சத்தமே காணோம்" என்று மெச்சினார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. அழுது பார்த்து, யாரும் வராமல் போய், அழுவதையே விட்டுவிட்ட குழந்தைகளை முன்பும் வளர்த்திருக்கிறேன். ஆனால் இது அது மட்டும்தானா என்று சந்தேகம். ஒரு மத்தியானம் பருப்புப் பானையின் மூடி கை தவறித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று சத்தம் போட்டது. நான் துள்ளிவிட்டேன். குழந்தை தலையைக்கூடத் திருப்பவில்லை.

கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ரோட் டு ஹெல்த் என்ற புத்தகம் கொடுப்பார்கள். தடுப்பூசி, எடை எல்லாம் அதில்தான் இருக்கும். பிரித்து அழைத்து வரும் குழந்தைகளில் பலருக்கு அந்தப் புத்தகம் அம்மா வீட்டிலேயே தங்கிவிடும். இதற்கும் அப்படித்தான். சிஸ்டர் புதுப் புத்தகம் எடுத்து, எடை பார்த்து, ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது, அவரையும் குறை சொல்ல முடியாது. 2018-ல் புதுப்பித்த அந்தப் புத்தகத்தில் வளர்ச்சியைச் சோதிக்கும் பக்கமும் உண்டு. "இதையும் பாருங்கள் சிஸ்டர்" என்று நான் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் திறந்தது. பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அப்போதே காதுப் பரிசோதனைக்கு ஒன்று, பிசியோதெரபிக்கு ஒன்று என இரண்டு கடிதம் எழுதினார்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவம் இலவசம், 1994-ல் மண்டேலா அரசு வந்ததும் கொண்டுவந்தது. ஆக, பணம் தடையில்லை. தடை தேதிதான். மருத்துவமனை கொடுத்த தேதிக்குச் சில மாதம் இருந்தது. அதற்குள் டர்பனுக்குத் தெற்கே கடற்கரைப் பக்கம் குழந்தையின் அப்பாவைப் பெற்ற பாட்டி இருப்பது தெரிந்து, குழந்தை அங்கே போய்விட்டது. நல்ல விஷயம், சொந்தத்தோடு இருக்கிறது. கடிதங்களை ஃபைலில் வைத்து, வாயாலும் சொல்லி, பாட்டியிடமும் காட்டித்தான் அனுப்பினேன். ஆனால் தேதி நெருங்கியபோது மருத்துவமனையின் எஸ்எம்எஸ் என் ஃபோனுக்கு வந்தது. குழந்தையின் வழக்கைப் பார்த்த சோஷியல் வொர்க்கர் மாறிவிட்டார். ஃபைல் வேறொரு அலுவலகத்துக்குப் போய்விட்டது. பாட்டிக்கு அங்கிருந்து டர்பன் பக்கம் வர வண்டி வசதியில்லை. கடைசியில் அந்த ஊர் மருத்துவமனையில் புதிதாகப் பதிந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். காதுக்குள் நீர் கோத்திருந்ததைக் கண்டுபிடித்து, சின்னக் குழாய் வைத்து, குழந்தைக்குச் சத்தம் சரியாகக் கேட்கத் தொடங்கியபோது இரண்டு வயது தாண்டிவிட்டது. பேச்சு பழகும் காலத்தில் பாதியை யாரும் திட்டமிடாமலேயே பறித்துவிட்டோம். இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு தேவையா என்று விசாரித்து அறிக்கை தர சோஷியல் வொர்க்கருக்கு 90 நாள் அவகாசம். பெரியவர்களுக்கு அது ஒரு காலாண்டு. ஒன்றே கால் வயதுக் குழந்தைக்கோ வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. ருமேனியாவில் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த புக்கரெஸ்ட் ஆய்வைப் பற்றிப் படித்திருக்கிறேன். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளில், இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் பல விதத்தில் நன்றாகத் தேறினார்கள். அந்த வயதில் மாதக் கணக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

என் அக்கா மகள் அமெரிக்காவில், ஒஹாயோவில் பிசியோதெரபிஸ்ட். வளர்ச்சியில் பின்தங்கிய, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அங்கே 1986-லிருந்தே இதற்கென்று ஒரு சட்ட ஏற்பாடு உண்டு. ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை என்று பெயர். 2003-ல் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளானதாக உறுதியான மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை இந்தச் சேவைக்கு அனுப்பும் நடைமுறை ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அனுப்பிய கடிதம் கிடைத்ததிலிருந்து 45 நாளுக்குள் குழந்தையைப் பரிசோதித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். "சின்னம்மா, அங்கே மட்டும் எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நினைக்காதீங்க" என்பாள். கொடுமை உறுதியாகாத வழக்குகளில் இந்தக் கட்டாயம் இல்லை. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் நின்றுபோகும். வளர்ப்பு வீடு மாறினால் அங்கேயும் குழந்தை கைநழுவும். அதெல்லாம் சரி. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று: யார் வீட்டிலும் பானை மூடி விழ வேண்டியதில்லை. வழக்கு உறுதியானாலே கடிதம் கிளம்ப வேண்டும்.

2005-ல் நிறைவேறி 2010-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த எங்கள் குழந்தைகள் சட்டமும் நல்ல சட்டம். அதன் எட்டாம் அத்தியாயம் முழுக்க, பிரச்சினை முற்றுவதற்குள் குடும்பத்துக்கு உதவுவது பற்றித்தான். ஆனால் கைக்குழந்தையைப் பிரித்து வைத்தால் உடனே வளர்ச்சிப் பரிசோதனைக்கு அனுப்பு என்று கட்டாயப்படுத்தும் வரி அதில் இல்லை. அது கவனிக்கிறவர் கண்ணையும் வாயையும் நம்பி விடப்பட்டிருக்கிறது. நான் வாய் உள்ளவள். எத்தனையோ பாட்டிமார்கள் பென்ஷன் வரிசை, கோர்ட்டு வரிசை, கிளினிக் வரிசை என்று நின்று களைத்து, "பிள்ளை மெதுவாப் பேசும்" என்று சமாதானமாகிவிடுகிறார்கள். அவர்கள் மேல் பாரத்தைப் போடுவது அநியாயம்.

சட்டம் மாறும்வரை, இருக்கும் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. 156ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு மருத்துவமோ வேறு சிகிச்சையோ தேவை என்று கண்டால், தேவைப்பட்டால் அரசு செலவிலேயே, அதைக் கொடுக்கச் சொல்லிச் சிறார் நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு கைக்குழந்தை இருந்தால், சோஷியல் வொர்க்கரின் அறிக்கை கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே கிளினிக்கில் ரோட் டு ஹெல்த் புத்தகத்தின் வளர்ச்சிப் பக்கத்தை நிரப்பச் சொல்லுங்கள். அதன் நகலை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் உங்கள் ஃபோன் நம்பரோடு சோஷியல் வொர்க்கரின் அலுவலக நம்பரையும் கொடுங்கள். ஆள் மாறினாலும் அந்த நம்பர் மாறாது.

போன வருடம் வந்த குழந்தைக்கு அப்படித்தான் செய்தோம். சோஷியல் வொர்க்கர் ஒரு சின்னப் பெண், கேட்டதும் புரிந்துகொண்டாள். பிசியோதெரபி தொடர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிலேயே எழுதினார். குழந்தை பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் அத்தையிடம் போனது. அத்தை அந்த உத்தரவின் நகலை அங்குள்ள மருத்துவமனையில் காட்டியிருக்கிறார். அடுத்த வாரமே கூப்பிட்டுவிட்டார்கள்.