அம்மா சொன்ன கணக்கு

டிவியை மூட ஒரு துவாய் கேட்டார்கள். வீட்டுக்கார அம்மா கொடியில் கிடந்த பூப்போட்ட துவாயை எடுத்துக் கொடுத்தார்.

2022 ஆகஸ்ட். இலங்கையின் பொருளாதார நெருக்கடியைப் பற்றி இளைஞர்களுக்காக ஓர் ஆவணப்படம் எடுக்க வந்த தொலைக்காட்சிக் குழு அது. எந்த அலைவரிசை என்பது வேண்டாம். நான் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். தேயிலைத் தோட்டத்து ஆட்களைத் தெரியும், சிங்களமும் ஓரளவு வரும் என்பதால் பேச்சை மாற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். என் மாணவி ஒருத்தியின் லயக் காம்பராவுக்குத்தான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்குத்தான், கூட்டிப் போனேன். உள்ளே வந்த ஒளிப்பதிவாளர் முதலில் பார்த்தது டிவியை. “இது படத்தில் தெரிந்தால் இவர்கள் கஷ்டப்படுவதாக யாரும் நம்ப மாட்டார்கள்” என்றார். துவாய் விழுந்தது. தவணைக்கு வாங்கிய டிவி, தவணை இன்னும் முடியவில்லை என்பதை நானும் அந்த நேரத்தில் சொல்லவில்லை.

அந்த அம்மா இருபது நிமிடம் பேசினார். விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொன்னார். “முந்தி மாசத்துக்கு இருவது, இருவத்தி ரெண்டு பேரு விழும் மாஸ்டர். உரம் வராததுல கொழுந்து இல்ல. இப்ப பதினாலுதான். அதுலயும் நாலஞ்சு அரைப்பேரு.” பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதியும் பெயர். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அப்புறம் கோதுமை மா எத்தனை கிலோ, மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு, காதுத் தோட்டை அடகு வைத்த வட்டி எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் மாதம் எத்தனை ரூபாய் துண்டு விழுகிறது என்பது வரைக்கும் வந்தார். எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத சுத்தமான வரவு செலவுக் கணக்கு.

படம் சில வாரங்கள் கழித்து ஒளிபரப்பானது. வகுப்பில் போட்டேன். அந்த அம்மாவுக்கு முப்பது, நாற்பது விநாடி இருக்கும். சின்ன மகனின் பசியைப் பற்றிக் கேட்டபோது குரல் உடைந்ததே, அந்த இடம் மட்டும். கீழே வயலின். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். மகள்தான் கடைசியில் எழுந்தாள்.

“சேர், அம்மா கணக்கு சொன்னாங்கதானே. அத வெட்டிட்டாங்க.”

அழுததைக் காட்டியதில் அவளுக்குக் கோபமில்லை. கணக்கை வெட்டியதில்தான். அன்றிலிருந்து நெருக்கடி பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும் கணக்கு எங்கே என்றுதான் என் கண் தேடுகிறது. பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நான் ஆவணப்படம் போட ஆரம்பித்தது அதற்கும் பல வருடம் முன்பு. எங்கள் பாடசாலையில் சுவரில் படம் காட்டும் மல்டிமீடியா ஒன்று இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி நாங்களே கட்டினோம். கூரை தகரம். மே, ஜூன் மழையில் படத்தின் பேச்சு ஒரு சொல்கூடக் காதில் விழாது, ஆகவே படம் பார்ப்பதை மழைக்கு முந்திய முதலாம் பாடசாலைத் தவணைக்கு மாற்றிக்கொண்டோம். கிடைத்ததெல்லாம் இங்கிலிஷ் படங்கள். அடியில் ஓடும் எழுத்தைப் படிப்பதா, மேலே ஏறி இறங்கும் வரைபடத்தைப் பார்ப்பதா, பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதா என்று பிள்ளைகள் திணறுவார்கள். கொஞ்ச நாளில் சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே பேச ஆரம்பித்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடப் படம்தான் ஓடும்.

அப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டதுதான் 2008 அமெரிக்க நெருக்கடி பற்றிய படம். நல்ல படம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வங்கி வீட்டைக் கைப்பற்றுகிறது, தளபாடமெல்லாம் புல்தரையில் கிடக்கிறது, கேட்டில் அறிவித்தல் தொங்குகிறது. பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: “சேர், வீடு அவங்க பேர்லயா இருந்துச்சு?”

கேள்வி எனக்கு உறைக்க நேரம் எடுத்தது. அவன் பிறந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவன் தாத்தா, அப்பா யாருடைய பெயரிலும் காணி உறுதி இல்லை. வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்குவது என்பதை யாரும் செய்து அவன் பார்த்ததில்லை. படம் அந்த இடத்தை ஒரு வசனத்தில் தாண்டிவிட்டது. எடுத்தவருக்கு அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சரி, அடகுக் கடைக்கு வருவோம் என்றேன். அது எல்லாருக்கும் தெரியும். தோட்டைக் கொடுக்கிறோம், துண்டு எழுதித் தருகிறார்கள். அந்தக் கடைக்காரர் நூறு பேரின் கடனை ஒரே கட்டாகக் கட்டி, மாதாமாதம் வட்டி வரும் என்று கண்டியில் ஒருவருக்கு விற்கிறார் என்று வை. விற்றாகிவிட்டது, இனித் தோடு தங்கமா கவரிங்கா என்று உரசிப் பார்க்கும் கவலை அவருக்கு இல்லை. வருகிறவனுக்கெல்லாம் துண்டு எழுதுவார். கண்டிக்காரர் பல கட்டுகளைக் கலந்து கொழும்புக்கு விற்கிறார். நடுவில் ஒருவர் கட்டைச் சரியாகப் பிரித்துப் பார்க்காமலே ‘முதல் தரம்’ என்று முத்திரை குத்துகிறார். முத்திரைக்குக் கூலி கொடுப்பவரோ விற்கிறவர். தங்கம் விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இறங்கினால்?

“எல்லாரும் கட்டத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க” என்றான் அதே பையன். அமெரிக்காவில் வீட்டுக் கடனைக் கட்டுக் கட்டாக விற்றதும் இப்படித்தான் என்றேன். 2008 செப்டெம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானதை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். அதுவரை அவர்களுக்கு அது யாரோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி.

இளைஞர்களுக்கென்று எடுக்கிறவர்கள் பலர், இளைஞன் என்றால் பொறுமையில்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். மூன்று விநாடிக்கு ஒரு வெட்டு. எண் வரும், பளிச்சென்று மின்னும், போய்விடும். இலங்கையில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 94.9. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சொல்வது இது. படங்களில் இந்த எண்கள் சிவப்பு எழுத்தில் வந்து நடுங்கும். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், அதே சுட்டெண்ணில் பணவீக்கம் 1.3 சதவீதம். இப்போது பச்சை எழுத்து, கோடு கீழே சரிகிறது, இசையும் மாறுகிறது. பார்த்த பிள்ளைகள் பாதிப்பேர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அப்படியென்றால் மா விலை ஏன் பழையபடி இறங்கவில்லை?

எங்காவது ஒரு படம் நின்று சொல்லியிருக்கலாம். 2021இல் 100 ரூபாயாக இருந்த சாமான் 2022இல் 169 ரூபாய் 80 சதமாகிறது, அடுத்த வருடம் அது ஏறக்குறைய 172. கோடு கீழே போனாலும் விலை மேலேதான் போயிருக்கிறது, மெதுவாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல இருபது விநாடி போதும். அந்த இருபது விநாடி டிரோன் காட்சிக்குப் போய்விடுகிறது. டிரோன் என்றால் எங்கள் பக்கத்துத் தேயிலை மலைதான். பனி விலகும், கூடை சுமந்த பெண் சிரிப்பார், புல்லாங்குழல் வரும். நெருக்கடிப் படத்திலும் சுற்றுலா விளம்பரத்திலும் அதே பெண், அதே சிரிப்பு.

இன்னொரு குறை, எல்லாவற்றையும் கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் முடித்துவிடுவது. 2022 ஜூலை 9, போராட்டக்காரர்கள் புகுந்த ஜனாதிபதி மாளிகை, நீச்சல் குளம். ஆட்சியாளர்கள் திருடிவிட்டார்கள் என்ற ஒரே சொல்லோடு பிள்ளை வெளியே வருகிறான். அது பொய் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காட்சி வரும்போதுதான் வகுப்பில் தூங்கி வழிகிறவனும் நிமிர்ந்து உட்காருகிறான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்த ஒரு வர்த்தமானிக்கும், அதாவது அரசாங்க அறிவித்தலுக்கும், அந்த அம்மாவின் அரைப்பேருக்கும் நடுவில் உள்ள வழியை எந்தப் படமும் நடந்து காட்டவில்லை. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 30 கோடி கிலோ, 2022இல் 25 கோடி. அந்தக் குறைந்த 5 கோடியில்தான் அவருடைய விழாத பேர்கள் இருக்கின்றன. அப்புறம் சம்பளம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது டாலர் 200 ரூபாய் அளவில் நின்றது, அதாவது 5 டாலர். 2022 மே மாதம் டாலர் 360. அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே. கோதுமை கப்பலில் வருகிறது, டாலரில் வருகிறது. ரொட்டி சுடுகிற வீட்டுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

நான் எதிர்பாராமல் நன்றாக அமைந்த பாடமும் ஒன்று உண்டு. 2022 மார்ச் கடைசி. கிரேக்க நெருக்கடி பற்றிய படம். 2015 ஜூன் முடிவில் வங்கிகளை மூடிவிட்டு, ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று சொன்ன நாட்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் நீள வரிசை. ஒரு பிள்ளை சொன்னாள்: “அவங்க காசுக்கு நிக்கிறாங்க. நாங்க காசோட நிக்கிறோம் சேர், எண்ணெதான் இல்ல.” அதைப் பிடித்துக்கொண்டேன். கிரேக்கத்தால் யூரோவை அச்சடிக்க முடியாது. எங்களால் ரூபாயை அச்சடிக்க முடியும், அச்சடித்தார்கள். டாலரை அச்சடிக்க முடியாது. இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே கறன்ட் போய்விட்டது. மின்வெட்டில் எங்கள் பகுதிக் குழுவின் நேரம் பிற்பகல் என்றுதான் அட்டவணை சொன்னது. அட்டவணையையும் யாரும் நம்பாத வாரம் அது. துணியை அவிழ்த்து ஜன்னலைத் திறந்தோம். மீதிப் படத்தை அந்தத் தொகுதி இன்றுவரை பார்க்கவில்லை.

எங்களுக்கென்று ஒரு படம் எடுப்பதானால் கொழும்புக்கே போக வேண்டாம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. பதினைந்து வருடத்தில் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்தவர்கள் தவிக்க, அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவித்தார். இங்கே தேயிலை மலை மலையாகப் பரவியதே அந்த வீழ்ச்சியின் மேல்தான். கடன், ஒரே பயிர், வெளிநாட்டு விலை, மூடிய வங்கி என்று பாடத்திட்டத்தில் வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. தமிழில் அதைச் சொல்லும் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

காத்திருந்தது போதும் என்று 2023இல் பிள்ளைகளையே எடுக்கச் சொன்னேன். போனில் எடுக்கலாம். ஆறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, இசை கூடாது, ஒரு கணக்காவது முழுதாக வர வேண்டும். பாதிப்பேர் இசை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் பாட்டியிடம் 1974ஆம் வருடப் பஞ்சத்தைக் கேட்டிருந்தாள். பாட்டி ஐந்து நிமிடம் பேத்தியின் கல்யாணத்தைப் பற்றியே பேசியிருந்தார்.

துவாய் போட்ட வீட்டுப் பையனும், அந்த மாணவியின் தம்பி, ஒன்று கொண்டுவந்தான். தோட்டத்துக் கடையின் கடன் கொப்பி. மூன்று நிமிடம் பக்கம் திருப்புவதுதான் படம். கை நடுங்குகிறது, வெளியே நாய் குரைக்கிறது. 2022 ஜனவரியில் ‘மா 5 கி’. மார்ச்சில் ‘மா 3 கி’. மே மாதத்தில் 1. ஜூலைப் பக்கம் முழுக்க அரை, அரை, அரை என்று பென்சிலில். கடைக்கார மாமாவின் குரல் மட்டும் கேட்கிறது: “பேரு தெரியாம எடுடா.” ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் இருக்கும் இடத்தைப் பையனின் கட்டைவிரல் மூடியிருக்கிறது. எண்கள் எல்லாம் தெரிகின்றன.