ரெண்டு வாண்டுகளோடு அறுபத்து மூவர்

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மயிலாப்பூர் அறுபத்து மூவருக்குப் போகாதே என்று சொல்லாத ஆள் இல்லை. கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில், அறுபத்து மூன்று நாயன்மார்களும், அதாவது சிவனடியார்களும், சாமியோடு வீதி உலா வருகிற நாள் அது. பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸ் தோழிகள், என் சொந்த அம்மா, எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்: "கூட்டத்துல புள்ள தொலைஞ்சா என்ன பண்ணுவ?" என் மாமியார் மட்டும் கட்சி மாறினார். "நான் ஒரு கையில புள்ள, ஒரு கையில பையோட போனவதான். நானும் வரேன், கிளம்பு." அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ஆறு வயது மகள், மூன்று வயது மகன், மாமியார், வீட்டுக்காரர், நான். பங்குனி வெயில்.

எப்படிப் போவது, எங்கே நிற்பது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடிந்தவரை பார்க்கிறேன்.

ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில். அங்கிருந்து நடந்து போய் பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் நேரே மயிலாப்பூரின் திருமயிலை ஸ்டேஷன். ஐந்து வயதுக்குள் இருந்தால் டிக்கெட் கிடையாது, மகளுக்கு அரை டிக்கெட். குடும்பத்தோடு போக மலிவான வழி இது. குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்டேஷனில் படி, வெளியே லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு, அதைத் தாண்டினால் தலைகள். இடுப்பும் தோளும்தான் வாகனம்.

மாட வீதிக்குள் நுழைவதற்கு முன்பே சாப்பாடு ஆரம்பித்துவிட்டது. இந்தத் திருவிழாவின் நிஜமான அதிசயம் இதுதான் என்பேன். முக்குக்கு முக்கு ஒரு பந்தல், ஒரு அண்டா, கரண்டியோடு ஒரு ஆள். நீர்மோர், பானகம், தர்பூசணி, சுண்டல், சாம்பார் சாதம், கேசரி. யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. வேண்டாம் என்று நகர்ந்தால்தான் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பந்தலில் கொடுத்த சாம்பார் சாதத்தில் சாதம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தானம் என்பதால் குறை சொல்லக் கூடாது என்பார்கள், நான் சொல்வேன். ஆனால் சித்திரக்குளம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் கிடைத்த புளியோதரை இருக்கிறதே! எள்ளு வறுத்துப் பொடித்துப் போட்டது, நல்லெண்ணெய் மணம், கடலைப் பருப்பு இன்னும் மொறுமொறுவென்று. எண்பது வயது இருக்கும் ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி தொன்னையில் வைத்துக் கொடுத்தார். வீட்டில் ஒரு வாய் ஊட்ட அரை மணி நேரம் ஓட விடுகிற என் மகன், "இன்னும்" என்று கையை நீட்டினான். பாட்டி என்னைப் பார்த்து, "காரம் கம்மியாத்தான் போட்டேன்மா, குழந்தைங்க வருமேன்னு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முன்பின் பார்க்காத பிள்ளைகளுக்காக மிளகாயை எண்ணிப் போட்டிருக்கிறார்.

காளத்தி கடை ரோஸ் மில்க் குடிக்காமல் மயிலாப்பூர் போனதாகக் கணக்கில்லை என்பது எங்கள் வீட்டுக்காரரின் சித்தாந்தம். அன்று அங்கே இருந்த நெரிசலில் அவர் மட்டும் உள்ளே புகுந்து வாங்கி வந்தார். வரும் வழியில் பாதி சட்டைக்குப் போனது. மிச்சத்தில் பாதி மகள் குடித்தாள். மீதியில் நாங்கள் மூன்று பேர்.

அப்புறம் குளக்கரை ஓரம் ஒரு நிழல் பிடித்து உட்கார்ந்தோம். ஊர்வலம் கிளம்பப் பிற்பகல் மூன்று மணி அளவில் ஆகும். இரண்டு பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைப்பது எப்படி? கதைதான். மாமியார் பூம்பாவை கதையை எடுத்தார். இதே மயிலையில் சிவநேசச் செட்டியார் என்று ஒருவர். மகள் பூம்பாவை பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அவர் அஸ்தியை ஒரு குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, பெண் எழுந்து வருகிறாள். "அப்படி என்ன ஆயா பாடுனாரு?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பதிகத்தில் உயிரோடு வா என்ற கட்டளையே இல்லை. கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று கபாலீச்சரத்து விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலே போவாயோ பூம்பாவாய் என்றுதான் கேட்கிறார். முதல் பாட்டே அடியார்களுக்குச் சோறு போடும் விழாவைப் பற்றியது. ஏழாம் நூற்றாண்டில் பாடியது. ஒரு சின்னப் பெண்ணிடம் திருவிழாவுக்கு வாயேன் என்று ஆசை காட்டிக் கூப்பிடுகிற பாட்டு அது! இதற்கப்புறமும் பிள்ளைகளைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகாதே என்கிறவர்களிடம் நான் என்ன பேச?

பூம்பாவையை எழுப்பும் நிகழ்ச்சியை அன்று காலையில் நடத்துகிறார்கள். ஆவடியிலிருந்து இரண்டு பேரைக் குளிப்பாட்டிக் கிளப்பி அதற்கு வந்து சேர எங்களால் ஆகாது. முடிந்தவர்கள் போங்கள்.

கதை சொல்வதில் ஒரு சிக்கலும் உண்டு. அறுபத்து மூன்று பேர் கதையும் பிள்ளைகளுக்கு ஆகாது. காரைக்கால் அம்மையாரின் மாம்பழக் கதை அமோகமாக எடுபட்டது. சிறுத்தொண்டர் பெயர் வந்ததும் நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கச்சிதமாகத் தாண்டிவிட்டோம். பிள்ளையைக் கறி சமைத்த கதையை இந்த வயதில் சொல்ல எனக்கு மனமில்லை, பக்தி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. கண்ணப்பர் கண்ணைப் பெயர்த்தது மட்டும் மாமியார் வாயில் வந்துவிட்டது. மகன் தன் கண்ணை ஒரு கையால் மூடிக்கொண்டு, "சாமிக்கு சொட்டு மருந்து போடலாம்ல?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயா சிரித்த சிரிப்பில் அவர் மடியில் இருந்த சுண்டல் கொட்டியது.

ஊர்வலம் வந்தது. கபாலீசுவரர் வெள்ளி விமானத்தில், கற்பகாம்பாள், சிங்காரவேலர். நாயன்மார்கள் பல்லக்குகளில் சிலர் சிலராக. அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்தும் சாமிகள் வருகின்றன: கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன், கூடவே வாசுகியோடு திருவள்ளுவர். வள்ளுவரைப் பார்த்ததும் மகள், "அம்மா, எங்க புக்குல இருக்கிறவரு!" என்று கத்தினாள். பாடப் புத்தகத்தில் இருப்பவர் பல்லக்கில் வந்தால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது?

வாயிலார் நாயனார் இந்த ஊர்க்காரர். மனதுக்குள்ளேயே கோயில் கட்டிப் பேசாமல் பூசை செய்தவர். அவரைப் பற்றிச் சொன்னால் என் பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். மகன் அப்பா தோளில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு சாமிக்கும் "டாட்டா" சொல்லிக்கொண்டிருந்தான். கும்பிடச் சொன்னேன். "ரெண்டு கையையும் எடுத்தா விழுந்துடுவேன்" என்றான். சரி, டாட்டாவே போதும் என்று விட்டுவிட்டேன்.

கோயிலுக்குள் நாங்கள் போகவே இல்லை. மாமியாருக்கு அதில் கொஞ்சம் குறை. எனக்கு இல்லை. நம் பிள்ளைகளுக்கு வரிசையும் தடுப்புக் கம்பியும் "சத்தம் போடாத" என்ற அதட்டலும்தான் கோயில் என்று பழகிப் போயிருக்கிறது. சாமி தானே தெருவுக்கு வருகிற நாளில் அவர்கள் கத்தலாம், கேட்கலாம், புளியோதரை தின்றுகொண்டே பார்க்கலாம். எரிச்சலூட்டியது செல்போன்கள்தான். சாமி கிட்டே வந்ததும் ஆயிரம் கைகள் மேலே போகின்றன, பின்னால் நிற்கிற பிள்ளைக்குத் தெரிவது போனில் தெரியும் சாமி. அப்புறம் குப்பை. பிளாஸ்டிக் டம்ளர் கணுக்கால் வரை. அன்னதானம் செய்கிறவர்கள் பக்கத்தில் ஒரு குப்பைக் கூடையும் வைத்தால் புண்ணியம் குறைந்துவிடாது.

மகளுக்கு மரச் சொப்பு, மகனுக்கு ஊதல். ஊதல் வாங்கிக் கொடுத்த ஆயாவை வீடு வந்து சேரும் வரை யாரும் மன்னிக்கவில்லை.

திரும்பும்போதுதான் வினை. இருட்டிவிட்டது, மகன் தூங்கிவிட்டான், மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது, ஸ்டேஷன் பக்கம் நகர முடியாத கூட்டம். சென்ட்ரலுக்கு ஆட்டோ கேட்டோம். "ஐநூறு குடுங்கக்கா. சாமி ஊர்வலம், ரோடெல்லாம் அடைச்சிருக்கு." ஆறு கிலோமீட்டர்! 2013-ல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் காலத்துக் கட்டணத்தில் இன்று யாரும் ஓட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐநூறா? நானூறுக்கு இறங்கினார். ஏறி உட்கார்ந்ததும் "இன்னைக்கு நல்ல தரிசனமாக்கா?" என்று அன்பாக விசாரித்தார். தெருவெல்லாம் சும்மா அள்ளிக் கொடுத்த ஊரில், அன்றைக்கு எங்களிடம் கறாராகக் காசு பறித்தவர் இவர் ஒருவர்தான். அந்த நாலு நூறில் ஒரு மாதத்துக்குப் பால் பாக்கெட் பாதி வந்திருக்கும் என்று சென்ட்ரல் வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போகிறவர்களுக்கு: கூட்டம் கலைய ஆரம்பிக்கும் முன்பே நகர்ந்துவிடுங்கள். பெண்கள் சாதாரண மாநகரப் பேருந்தில் காசில்லாமல் போகலாம், மாட வீதியை விட்டு இரண்டு தெரு தள்ளி நடந்தால் பஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஆளுக்கொரு டம்ளர், ஒரு டிபன் டப்பா. தண்ணீர் சுமக்க வேண்டாம், தெருவே தரும். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர், அதற்கு முந்தைய நாள் காலையில் தேர். தேரன்று நெரிசல் சற்றுக் குறைவு என்று மாமியார் சொல்கிறார், ஆனால் புளியோதரைக்கு எட்டாம் நாள்தான்.