எல்லாப் பிள்ளைக்கும் வரும்

வட சென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். பத்து மணிக்குள் பெஞ்சு நிரம்பிவிடும். காசிமேட்டில் மீன் வியாபாரத்தை முடித்துவிட்டு, கையில் அந்த வாசனையோடு பேரப்பிள்ளையைத் தூக்கி வரும் ஆயாக்களும் உண்டு.

வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, “தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடுக்கறீங்களா?” எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “கொதிக்க வெச்சுதான் சிஸ்டர்.” அடிபம்பில் நாலு குடம் பிடிக்க விடிகாலையிலேயே எழுந்திருக்கும் வீடுகள் அவை. சிலிண்டர் விலையும் எனக்குத் தெரியும். நான் கேட்கும் தொனிக்கு வேறு என்ன பதில் வரும்?

ஒருநாள் ஏழு மாதக் குழந்தையோடு வந்த பெண் அழுதேவிட்டாள். பக்கத்தில் நின்ற மாமியார், “இவளுக்குச் சுத்தபத்தமே கெடையாது, நீயே கேளும்மா” என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. என் கேள்வியும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது!

“ஆயா, இது ரோட்டா வைரஸா இருக்கலாம். அஞ்சு வயசுக்குள்ள அநேகமா எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வாட்டியாவது வரும். வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருந்தாலும் வரும், அமெரிக்காவுல பொறந்தாலும் வரும்” என்றேன். பார்த்தவுடன் ரோட்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு மலப் பரிசோதனை வேண்டும், எங்களிடம் அது இல்லை. எதுவானாலும் உடம்பில் குறைந்த நீரை ஈடுகட்டுவதுதான் முதல் வைத்தியம் என்பதால் பெரிய நஷ்டமும் இல்லை.

நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆறு மாதம் முடிவதற்குள் 56 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றிவிட்டது. பலருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நோயுள்ள குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் கிருமியில் நூறுகூட வேண்டாம், இன்னொரு குழந்தைக்குத் தொற்ற. பொம்மையிலும் கதவுப் பிடியிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து இதை நிறுத்த முடியாது. (மற்ற நோய்களுக்காகக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும், அது வேறு.)

‘எல்லாப் பிள்ளைக்கும் வரும்’ என்ற அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போனது. சொன்னதும் அம்மாக்களின் முகம் தெளியும். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, ஒன்பது மாதப் பெண் குழந்தை. வாந்தியும் பேதியும் தொடங்கி மூன்றாம் நாள். கண் உள்ளே போயிருந்தது. அழுதால் கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் பழையபடி படிந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. பல் முளைக்கிறது என்று ஒரு நாள், தொக்கம் எடுக்க ஒரு நாள் போயிருக்கிறது. “ஏம்மா இவ்ளோ நேரம்?” என்று கத்திவிட்டேன். அவள் சொன்னாள்: “நீங்கதான சிஸ்டர், எல்லாருக்கும் வரும்னு சொன்னீங்க.”

108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டிரிப் ஏற்றி, நான்கு நாளில் பிள்ளை வீடு திரும்பியது. எனக்குத்தான் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பிறகு வந்தபோது அவள் இன்னொன்றும் கேட்டாள். “மூணு வாட்டி சொட்டு மருந்து போட்டமே, அப்புறம் ஏன் வந்துச்சு?” நியாயமான கேள்வி. போலியோவுக்கும் ரோட்டாவுக்கும் ஒரே நாளில் வாயில்தான் கொடுக்கிறோம், இரண்டும் அவர்களுக்குச் சொட்டு மருந்துதான். 6, 10, 14 வாரங்களில் தரும் இந்த ரோட்டா மருந்து தமிழ்நாட்டில் 2017-இல் அரசுப் பட்டியலுக்கு வந்தது. அதற்கு முன் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு ரோட்டாதான் காரணம். மருந்து அந்தக் கடுமையைக் குறைக்கும், நோயே வராமல் பூட்டுப் போடாது. அதே வேலூர்க் குழந்தைகளில், இயற்கையாக மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான அல்லது கடுமையான நோயிலிருந்து 79 சதவீதப் பாதுகாப்புதான் கிடைத்தது. நாம் மூன்று தவணையில் முழுதாகக் கேட்டால் எப்படி? அவளிடம் சதவீதமெல்லாம் பேசவில்லை. “மருந்து போடலன்னா இன்னும் மோசமாயிருக்கலாம்மா” என்றேன். அரைமனதோடு தலையாட்டினாள்.

இப்போது பேச்சை மாற்றிக்கொண்டேன். எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று சொன்ன அதே மூச்சில் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டைக் கையில் எடுத்துவிடுகிறேன். ஒரு சிட்டிகையை டம்ளரில் போட்டுக் கலக்குகிறார்கள், அது கூடாது. முழுப் பாக்கெட், முழு ஒரு லிட்டர். ஒவ்வொரு தடவை பேதியானதும் ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பேதி நின்றாலும் ஜிங்க் மாத்திரை 14 நாள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே கிளம்பி வர வேண்டும், நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

தண்ணீர்க் கேள்வியை விட்டுவிடவில்லை. எல்லாம் சொல்லி முடித்து, கரைத்தும் காட்டிய பிறகு, கடைசியாகக் கேட்கிறேன். போன வாரம் ஒரு பெண், “இல்ல சிஸ்டர், கேஸ் தீந்துபோய் நாலு நாளாச்சு” என்றாள்.