ஏழு வினாடிக்குள் அடங்க வேண்டிய குரல்

டிவிக்குப் பின்னணிக் குரல் கொடுக்க ஆசைப்படுபவர்களிடம் எல்லாரும் சொல்வது, "உனக்கென்ன, வெண்கலக் குரல்!" என்பதுதான். அந்தக் குரல் ஒரு டெஸ்டுக்குக் கூப்பிட வைக்கும், அவ்வளவே. அடுத்தடுத்த வேலையைத் தருவது வேறு இரண்டு: கொடுத்த வினாடிக்குள் வரியை முடிப்பது, மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டாலும் அதே குரலில் வந்து உட்கார்வது.

ஆவணப்பட ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் டைம்கோடு, அதாவது படத்தின் எந்த நிமிடம், எந்த வினாடி என்ற குறிப்பு, இருக்கும். 04:12-ல் ஆரம்பித்து 04:19-ல் முடிக்கச் சொன்னால் கையில் ஏழு வினாடி. 04:20-ல் திரையில் இருப்பவர் பேசத் தொடங்கிவிடுவார். புதியவர்கள் மாட்டிக்கொள்வது எண்களில். "1,48,500 ஹெக்டேர்" என்பது தாளில் இத்தனூண்டு. வாயில் அது "ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ஹெக்டேர்". நிதானமாகச் சொன்னால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். வேகமாகப் படித்துச் சமாளித்தால் கேட்பவர் மனதில் எண்ணும் நிற்காது, சேதியும் நிற்காது. "ஏறக்குறைய ஒன்றரை லட்சம் என்று சொல்லலாமா?" என்று இயக்குநரிடம் கேட்டுவிடுவதே மேல். இதை மைக் முன்னால் கண்டுபிடித்தால் ஸ்டூடியோ நேரம் வீண். முந்தின நாளே ஸ்டாப்வாட்சோடு வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். மனசுக்குள் படித்துப் போடும் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும்.

படிக்கும்போதே மூச்சு வாங்கும் இடத்தில் சாய்கோடு, அழுத்தம் விழும் சொல்லுக்கு அடிக்கோடு. ஒரு வாக்கியத்துக்கு ஓர் அழுத்தம் போதும். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. வினைமுற்று கடைசியில் வருகிறது, மூச்சு தீர்வதும் அங்கேதான். "அணை அந்த ஆண்டும் கட்டி முடிக்கப்படவில்லை" என்பதில் கடைசி "வில்லை" அமுங்கினால் பொருளே தலைகீழாகிவிடும். நீளமான வரியில் எழுவாய்க்குப் பிறகே ஒரு மூச்சை வாங்கி வைத்துக்கொண்டால் வால் தொங்காது.

நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக வரும் ப்ரோமோ அறிவிப்பு வேறு வகை. பத்து வினாடி ப்ரோமோ என்றால் ஒன்பதரையில் பேச்சு நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி எழுத்து வெட்டுப்படும். ஒரே ப்ரோமோவுக்கு "ஞாயிறு இரவு", "நாளை இரவு", "இன்று இரவு" என்று மூன்று வால்கள் பதிவாகும். மூன்றும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் இருந்தால்தான் எடிட்டரால் கழற்றி மாட்ட முடியும். "இன்று"க்கு மட்டும் உற்சாகம் பொங்கினால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

மைக்கிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த தூரம், அதாவது 15 முதல் 20 செ.மீ., பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்னும் நெருங்கினால் முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்குகள் அடித்தொனியைக் கூட்டிக் காட்டும். கனமாகக் கேட்கிறதே என்று நெருங்கிப் பேசி, நடுவில் பின்னால் சாய்ந்தால் ஒரே வரியில் இரண்டு ஆள் பேசியதுபோல் இருக்கும். "ப" வெடித்தால் மைக் முன்னால் வைக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் பாதிதான் உதவும். வாயை மைக்குக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் மீதியும் போய்விடும். கத்துவதால் பயனில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பில் மொத்த நிகழ்ச்சியின் சராசரி ஒலியளவு -23 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியளவுக்கான அலகு) என்று வரையறுத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் -24. எவ்வளவு கத்தினாலும் மிக்ஸிங்கில் அந்த அளவுக்கே கொண்டுவருவார்கள். மிஞ்சுவது தொண்டைக் கமறல். வாய் காய்ந்தால் வரும் "டிக் டிக்" சத்தத்துக்குப் பதிவு நேரத்தில் நாலு மடக்குத் தண்ணீர் போதாது, இரண்டு மணி நேரம் முன்பிருந்தே குடித்து வர வேண்டும்.

உண்மையான சோதனை பிக்கப். படம் முடிந்த பிறகு ஒரு பெயரோ தேதியோ மாறும், அந்த வரியை மட்டும் திரும்பப் பேச வேண்டும். முதல் பதிவன்றே குறித்து வையுங்கள்: எந்த மைக், எவ்வளவு தூரம், உட்கார்ந்தா நின்றா, எத்தனை மணிக்கு. தூங்கி எழுந்த குரல் கனமாக இருக்கும், எனவே மாலையில் பேசிய படத்துக்குக் காலை எட்டு மணிக்குப் பிக்கப் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பதிவின் முந்தைய இரண்டு வரிகளை ஹெட்போனில் கேட்டு, அந்த ஓட்டத்திலேயே புது வரியைச் சொல்ல வேண்டும். அமைதியான அறையின் சத்தத்தையும் 30 வினாடி தனியாகப் பதிந்து கொடுத்தால், வரிகளுக்கு நடுவில் இட்டு நிரப்ப உதவும், எடிட்டர் வாழ்த்துவார்.

இப்படி நிதானம் பிடிபட்டவர்களுக்கு வயது தடையில்லை. அமெரிக்காவின் டான் பார்டோ 1944-ல் என்.பி.சி.யில் அறிவிப்பாளராகச் சேர்ந்து, 2014-ல் இறக்கும் ஆண்டுவரை குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரிட்டனின் டேவிட் அட்டன்பரோ தொண்ணூறு வயதைத் தாண்டியும் இயற்கைப் படங்களுக்கு விவரணை பேசினார். இருவரின் பேச்சிலும் அவசரம் தெரியாது.

சம்பளம் பேசும்போது பலர் மணிக்கணக்கை மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். எந்தச் சேனல், எத்தனை வருடம், இணையத்திலும் ஓடுமா, எத்தனை பிக்கப் இந்தத் தொகைக்குள் அடக்கம் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஸ்கிரிப்ட் மாறியதால் வரும் பிக்கப்புக்குத் தனிக் கட்டணம், நாம் உளறியதற்கு இலவசம் என்பது நியாயமான பிரிவு. இப்போது கூடவே ஒரு வரி கட்டாயம்: இந்தப் பதிவைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்க அனுமதி உண்டா, இல்லையா. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.