ஒன்பதில் ஏழு

நேற்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு. பேரியம் குளோரைடை வாட்ச் கிளாஸில் போட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்துச் சுடரில் காட்டினேன். இளம்பச்சை எழுந்தது. “இந்த பேரியம் முதல்ல எங்கிருந்து வந்துச்சு மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். ரெட்டிகுலம் 2 பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது. மீதி இங்கே.

ரெட்டிகுலம் 2 என்பது 2015-இல் தென்வானில் கண்டுபிடித்த குள்ள விண்மீன் மண்டலம், அதாவது நம் பால்வெளியைப் போன்ற, ஆனால் மிகச் சிறிய ஒரு கேலக்ஸி. சுமார் 1 லட்சம் ஒளியாண்டு தூரம். அதிலுள்ள எல்லா விண்மீன்களும் சேர்ந்தாலே சில ஆயிரம் சூரியன்களின் வெளிச்சம்தான். வானியலாளர்கள் அலெக்சாண்டர் ஜி, அன்னா ஃப்ரெபெல் குழுவினர் சிலியில் உள்ள மெகல்லன் தொலைநோக்கியால் அதன் பிரகாசமான ஒன்பது விண்மீன்களின் நிறமாலையை எடுத்தார்கள்.

நம் சுடரில் தனிமம் ஒளியை உமிழ்கிறது. விண்மீனில் அதே தனிமம் ஒளியை உறிஞ்சுவதால் நிறமாலையில் பள்ளம் விழுகிறது. யூரோப்பியத்தின் பள்ளம் ஊதா ஓரத்தில், 412.9 நானோமீட்டரில். பழைய கலர் டிவியின் சிவப்புக்குக் காரணமான அதே யூரோப்பியம்தான். அதுவரை பார்த்த மிக மங்கலான குள்ள மண்டலங்களில் அந்த இடம் ஏறக்குறையத் தட்டையாகவே இருந்தது. இங்கே ஒன்பதில் ஏழு விண்மீன்களில் பேரியமும் யூரோப்பியமும் மற்ற மண்டலங்களைவிட நூறு மடங்குக்கும் மேல்!

இந்தக் கன தனிமங்களைச் சாதாரண சூப்பர்நோவாக்கள் (பெரிய விண்மீன்கள் வெடித்துச் சாவது) கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தால் எல்லாக் குள்ள மண்டலங்களிலும் கொஞ்சமாவது தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியானால் அரிதாக நடந்து, ஒரே அடியில் அள்ளிக் கொட்டிய ஏதோ ஒன்று. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்கள் விட்டுப்போகும் மிக அடர்ந்த கருக்கள்) மோதியதாக இருக்கலாம் என்று 2016-இல் எழுதினார்கள். அபூர்வ வகை சூப்பர்நோவா ஒன்றையும் முழுதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மறு வருடமே, 2017 ஆகஸ்ட் 17 அன்று, அப்படியொரு மோதலின் ஈர்ப்பலை, அதாவது வெளியிலேயே எழும் அதிர்வு, பூமிக்கு வந்து சேர்ந்தது. அந்த மோதலின் ஒளியில் கன தனிமங்களின் அடையாளமும் இருந்தது.

நம் பால்வெளியில் தலைமுறை தலைமுறையாக எல்லாம் கலந்துபோய்விட்டது, எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது கஷ்டம். ரெட்டிகுலம் 2 சீக்கிரமே விண்மீன் பிறப்பை நிறுத்திக்கொண்டது. அதனால்தான் அன்று நடந்த அந்த ஒரு நிகழ்வின் தடம் இன்னும் அங்கே அப்படியே படிக்கக் கிடைக்கிறது. எனக்கு உடல் சிலிர்த்த இடம் இதுதான்.

அந்த நிறமாலைப் படத்தை அச்செடுத்து, பேரியம் குப்பி இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.