அக்காவிடம் மட்டும் கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் வளரிளம் பருவமடைதல் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே, பாடத்திட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆசிரியர்கள் கடந்துவிடும் பாடங்களும் இவைதாம். உயிரியல் ஆசிரியையான நான், பிளஸ் ஒன் மாணவ மாணவியரைத் தயார்செய்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்களையே பேசவைக்கும் பணியில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். இந்த முறையை மனமார நம்புகிறேன். அதே சமயம், மாணவர்கள் மீது எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பதில் பள்ளிகளுக்குத் தெளிவு வேண்டும் என்றும் கருதுகிறேன்.

ஆசிரியையிடம் ஒரு சிறுமி வயிறு வலிக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டாள். அதே சிறுமி, மூன்று வகுப்பு மூத்த அக்காவிடம், வெள்ளைப்படுவது நோயா, ஒரு மாதம் தள்ளிப்போனால் கர்ப்பப்பையில் கோளாறு என்று பொருளா, துணியை வெயிலில் காயப்போட வீட்டில் விடுவதில்லையே என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டுவிடுகிறாள். வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி சீரில்லாமல் இருப்பது இயல்பு என்பதையும், தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலோ ஏழு நாளுக்கு மேல் இரத்தப்போக்கு நீடித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும் என்பதையும் அந்த அக்கா தன் சொற்களில் சொல்லும்போது, நான் சொல்வதைவிட அது எளிதாக மனத்தில் நிற்கிறது.

கேள்விகளைத் தாளில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்கிறோம். அனைவருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் பாடநூலிலிருந்து ஏதேனும் இரண்டு வரிகளைப் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இந்த விதியை வகுத்தவள் ஒரு பிளஸ் ஒன் மாணவிதான். எல்லாப் பேனாக்களும் ஒரே நேரத்தில் ஓடினால் யார் கேட்டது என்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாது என்பது அவள் வாதம். அன்று முதல் பெட்டியில் விழும் கேள்விகளின் தன்மையே மாறிவிட்டது.

ஆண் பிள்ளைகளின் தாள்களைத்தான் பள்ளிகள் அவசியம் படிக்க வேண்டும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது குறித்தும் கைப்பழக்கம் குறித்தும் அவர்கள் சுமக்கும் பயம் பெரியோருக்குத் தெரிவதே இல்லை. நரம்புத் தளர்ச்சி வந்துவிடும், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிகளும் இரவுநேரத் தொலைக்காட்சி விளம்பரங்களும் சொல்வதை, மறுத்துப் பேச ஆளில்லாத காரணத்தாலேயே, அவர்கள் உண்மையென்று கொள்கிறார்கள். தனக்கும் அந்தப் பயம் இருந்தது என்று பதினாறு வயது அண்ணன் ஒருவன் வகுப்பின் முன் நின்று சொல்வதற்கு ஈடான பாடத்தை என்னால் நடத்த இயலாது. பெண் பிள்ளைகளைக் கூட்டி நாப்கின் பற்றிப் பேசிவிட்டு, ஆண் பிள்ளைகளை விளையாட அனுப்பிவிடும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

இந்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் இதே நம்பிக்கையில்தான் சக வயதினரை முன்னிறுத்தியது. ஆயிரம் பேருக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் என நான்கு இளையோரைப் பயிற்றுவித்து, ஒவ்வொருவரும் 15 முதல் 20 பேர் கொண்ட குழுவை நடத்த வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் வகுத்தது. இருந்தாலும் எதிர்பார்ப்பில் நிதானம் தேவை. இங்கிலாந்தில் 16, 17 வயது மாணவர்கள் 13, 14 வயதினருக்கு மூன்று பாலியல் கல்வி வகுப்புகள் எடுத்த 'ரிப்பிள்' ஆய்வின் முடிவுகள் 2004-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. ஆசிரியர் நடத்தியதைவிட மாணவர் நடத்திய வகுப்புகளைப் பிள்ளைகள் கூடுதலாக விரும்பினார்கள். 16 வயதுக்குள் உடலுறவு கொண்டதாகச் சொன்ன பெண்களின் விகிதமும் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால், பாதுகாப்பற்ற முதல் உறவு குறையவில்லை. 20 வயதுக்குள் கருக்கலைப்பு செய்துகொண்டோர் விகிதத்திலும் வேறுபாடு இல்லை என்று 2008-ல் வந்த தொடர் ஆய்வு காட்டியது. மூன்று வகுப்புகளால் இவ்வளவுதான் முடியும். அதே ஆய்வில் 57 சதவீதப் பெண்களும் 32 சதவீத ஆண்களும் இருபாலரையும் பிரித்து வகுப்பு நடத்துவதை விரும்பியிருந்தார்கள். நாங்களும் உடல் பற்றிய வகுப்புகளைத் தனித்தனியாகவும், கேலி, சீண்டல், சம்மதம் பற்றிய வகுப்பைச் சேர்த்தும் நடத்துகிறோம்.

மாணவர்கள் மீது ஏற்றக்கூடாது என்று நான் தொடக்கத்தில் குறிப்பிட்டது வேறொன்றை. இத்தகைய வகுப்புக்குப் பின் ஒரு சிறுமி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததை அக்காவிடம் சொல்லக்கூடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தந்தாக வேண்டும். தராதவருக்குத் தண்டனை உண்டு. தகவல் தராத குழந்தைக்கு அந்தத் தண்டனை பொருந்தாது என்று 21-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அதாவது, பதினாறு வயது மாணவி இந்தச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை என்று சட்டமே கருதுகிறது. பல பள்ளிகளிலோ மாணவர்களை வகுப்பெடுக்க அனுப்பிவிட்டு, ஆசிரியர்கள் ஓய்வறைக்குப் போய்விடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எனவே பயிற்சியின் முதல் நாளிலேயே பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம்: யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள். வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் பக்கத்து அறையில் ஓர் ஆசிரியையும் ஓர் ஆசிரியரும் இருப்பார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் கரும்பலகையின் ஓரத்தில் எழுதியிருக்கும். அடுத்த சுற்றிலிருந்து, வகுப்பு முடிந்த மறுநாள் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கு வந்து, தனியாகப் பேச விரும்பும் பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் கேட்டிருக்கிறோம்.