லோவலில் இருக்கும்வரை

மார்ச் 28

இவர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வட கரோலினாவுக்கு மாற்றல். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 29

இவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2

வீட்டிலேயே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அப்பாவை லோவலில் பழைய துணி மில்லாக இருந்த பூட் மில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். தறிக்கூடத்தில் 88 தறிகள். எல்லாம் ஓடவில்லை, சிலதுதான் ஓடின. அதற்கே தரை அதிர்ந்தது. வாசலில் காதடைப்பான் கொடுத்தார்கள். அப்பா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சோமனூரில் தறிச் சத்தத்தில் காதை இழந்தவருக்கு இனி எதற்கு?

ஆனால் அந்த இரைச்சலுக்குள்தான் அவரோடு சுலபமாகப் பேச முடிந்தது. உதட்டைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். டிரேப்பர் என்ற கம்பெனி செய்த ஒரு தறி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. தறியின் ஓரத்தில் ராட்டினம்போல ஒரு வட்டம், அது நிறைய நூல் சுற்றிய தார்க்குச்சிகள். குறுக்கே ஓடும் நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததும் மேலிருந்து ஒரு சுத்தி இறங்கிப் புதுத் தாரை உள்ளே தள்ளுகிறது, காலிக் குச்சி கீழே விழுகிறது. தறி நிற்கவே இல்லை.

"தார் அதுவா மாத்திக்குது பாரு அம்மிணி. நாம ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுனோம்."

ஏப்ரல் 3

தூக்கம் இல்லை. அந்தத் தறியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். செய்த ஊர் ஹோப்டேல், இதே மாசச்சூசெட்ஸ்தான். 1890களில் வந்த இயந்திரம். இங்கே இருந்த மில்காரர்கள் பழைய தறியே போதும் என்று இருக்க, தெற்கே புதிதாக மில் கட்டியவர்கள்தான் அதை முந்திக்கொண்டு வாங்கிப் போட்டார்கள். லோவல் கம்பெனி ஒன்றே 1890களில் ஜார்ஜியாவில் மில் திறந்துவிட்டது. அங்கே கூலி குறைவு, சங்கம் கிடையாது, பஞ்சு பக்கத்திலேயே. இங்கே லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு, தேய்ந்த இயந்திரத்தையே தேய்த்தார்கள். 1920களில் ஒவ்வொன்றாக மூடின. பூட் மில் 1950கள் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஊரில் இருந்தவர்களுக்குத்தான் அது திடீரென்று நடந்தது. முதலாளிகளின் பணம் எப்போதோ ஊரைக் காலி செய்துவிட்டது.

கரோலினாவில் இப்போது வெயில் 25 டிகிரியாம். இவர் சாப்பிடும்போது சொன்னார். எதற்குச் சொன்னார்?

ஏப்ரல் 6

மழை. மெரிமாக் ஆறு சேற்று நிறத்தில் போகிறது.

கால்வாய் முகப்பில் இருக்கும் பெரிய கதவைப் போய்ப் பார்த்தோம். பாட்டக்கெட் அருவியில் ஆறு 32 அடி இறங்குகிறது. அதைச் சுற்றிப் படகு போக 1796ல் வெட்டிய கால்வாயைத்தான் 1820களில் மில் சக்கரம் சுழற்றத் திருப்பினார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதே கால்வாய் வழியாக ஊருக்குள் வந்துவிடும் என்று ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற பொறியாளர் 1850ல் பெரிய மரக்கதவு ஒன்றைச் செய்து மேலே தொங்கவிட்டார். ஊரே சிரித்தது, 'பிரான்சிஸின் கிறுக்குத்தனம்' என்றது. 1852ல் வெள்ளம் வந்தது. இரும்புப் பிடியை உளியால் வெட்டிக் கதவை இறக்கினார்கள், ஊர் தப்பியது. 1936லும் அதே கதவு.

இரண்டு வருடம் சும்மா தொங்கியிருக்கிறது. அந்த இரண்டு வருடம் அந்த ஆள் எப்படித் தூங்கினார்?

ஏப்ரல் 9

இவர் வட கரோலினாவின் ராலேயில் வாடகை விசாரித்திருக்கிறார். "சும்மா."

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூ கிடைக்கவில்லை. மாங்காய்க்குக் கம்போடியக் கடைக்குப் போனால் அங்கேயும் கூட்டம், பூ, ஊதுபத்தி. அவர்களுக்கும் இந்த நாட்களில்தான் வருடப்பிறப்பு. 1980களில் அகதிகளாக வந்தவர்கள். ஐரிஷ், பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர், போர்த்துகீசியர் என்று எல்லாரும் வந்து இறங்கிய ஊரில் பின்னால் இறங்கியவர்கள், 2022ல் மேயரே அவர்களில் ஒருவர் ஆனார். கடைக்காரம்மா இஞ்சி ஒரு துண்டு சும்மா போட்டுக் கொடுத்தார். மனசு லேசாக இருந்தது. பச்சடி நன்றாக வந்தது.

ஏப்ரல் 15

அப்பா கேட்டார், "நம்ம துணி இங்க வந்துச்சா அந்தக் காலத்துல?" வந்தது, அதுவும் மலிவாக வந்தது. 1816ல் ஒரு வரி போட்டார்கள்: எவ்வளவு மலிவுத் துணியானாலும் சதுர கெஜம் 25 சென்ட் என்று கணக்குவைத்து வரி வசூல். இந்தியாவின் முரட்டுத் துணிக்குச் சந்தை அடைந்தது. அதற்காக வாஷிங்டன் போய்ப் பேசியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கபட் லோவல். இங்கிலாந்தில் விசைத்தறியைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு வந்தவர். 1817ல் இறந்துவிட்டார், இந்த ஊரைப் பார்க்கவே இல்லை. ஊருக்குப் பேர் மட்டும் அவருடையது. மில்லுக்கு வந்த பஞ்சு தெற்கில் அடிமைகள் பறித்தது. அதில் நெய்த முரட்டுத் துணி அவர்கள் உடம்புக்கே திரும்பிப் போனது.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நூல் விலை எப்பவுமே வேற எவனோதான் வெக்கறான்" என்றார்.

ஏப்ரல் 21

இவரோடு சண்டை. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 22

வாங் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி கட்டிய கோபுரங்களைக் கடந்து போனோம். மில் போனால் கம்ப்யூட்டர் என்று ஊர் நிமிர்ந்த காலம் அது. 1992ல் வாங் திவால். சுமார் 6 கோடி டாலரில் கட்டிய கோபுரங்கள் 1994 ஏலத்தில் 5 லட்சத்து 25 ஆயிரத்துக்குப் போயின. இவருக்கு இது தெரியும். காரில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 27

1836ல் கம்பெனி விடுதிக் கட்டணத்தை ஏற்றியதற்காக மில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். தன் தளத்தில் முதலில் நடந்தவள் ஹாரியட் ஹான்சன், வயது 11. பெரிய பெண்கள் தயங்கி நின்றபோது இவள் கிளம்பிவிட்டாள். பிறகு அவள் அம்மாவின் விடுதி வேலையைப் பறித்துக்கொண்டார்கள்: மகளையாவது அடக்கியிருக்கலாமே என்று. கம்பெனி வீட்டில் குடியிருந்தால் கோபப்படக்கூட வாடகை கட்டணும்.

இன்ஷூரன்ஸ் இவர் கம்பெனியில். விசா இவர் கம்பெனியில்.

மே 3

இந்த ஊரை எழுப்பியவர்களில் பேட்ரிக் மோகன் என்ற பள்ளிக்கல்விக்காரரைத்தான் எனக்குப் பிடிக்கிறது. 1960களில் மெரிமாக் மில்லையும் அதன் விடுதி வரிசையையும் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த ஊரில், ஊரையே பூங்காவாக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். நாடாளுமன்ற உறுப்பினர் பால் சாங்கஸ் அங்கே பிடித்துத் தள்ள, 1978ல் தேசிய வரலாற்றுப் பூங்கா வந்தது. சும்மா தொங்கிய இன்னொரு கதவு.

ஆனாலும் மில்லுக்குள் கட்டிய அடுக்கக வாடகையைப் பார்த்தால், அங்கே நெய்தவர்கள் யாரும் குடியேற முடியாது. அப்பா சொன்னதுதான்: "நாங்க தறிய எடைக்குப் போட்டோம், இவங்க டிக்கெட் போடறாங்க."

மே 8

இவர் பதில் அனுப்பிவிட்டார் என்று நினைக்கிறேன். லேப்டாப்பை மூடிய விதத்தில் தெரிந்தது.

மே 9

அப்பா டிக்கெட் தேதியை முன்னால் மாற்றச் சொல்கிறார். எதற்கு என்று கேட்டால் காது கேட்காததுபோல இருக்கிறார். திங்கட்கிழமை ஏஜெண்டுக்குப் போன் செய்யணும்.